பொதுப்பொழுது: உழைக்கும் ஊரில் கலையும் எழுத்தும்

பாட்டும் கூத்தும் கதையும் ஓய்வு மிகுந்தவர்களுக்கே வாய்க்கும் என்பது பரவலான எண்ணம். கிள்ளான் பள்ளத்தாக்கின் நூறாண்டுத் தமிழ் வாழ்க்கை அந்த எண்ணத்துக்குத் துணை நிற்பதில்லை. இங்கே கலையை வளர்த்தவர்கள் ரப்பர் மரம் வெட்டியவர்கள், ரயில்வே தொழிலாளர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியது என்பதைவிட, மிஞ்சிய நேரம் பலருக்கும் ஒன்றாக வந்ததா என்பதே கலையின் கதியைத் தீர்மானித்தது. தனியொருவரின் மிச்ச நேரத்தில் படைப்பு அபூர்வமாகவே நிலைக்கிறது. ஒரு குறித்த நாளில், குறித்த இடத்தில், நாலு பேர் எதிர்பார்த்திருக்கும் பொழுதில் அது ஊன்றி வளர்கிறது. அத்தகைய நேரத்தைப் பொதுப்பொழுது என்று இங்கே குறிக்கலாம். அது முன்பு தானாக அமைந்திருந்தது, பிறகு கலைந்தது, இப்போது சிலரால் முயன்று உருவாக்கப்படுகிறது. பரபரப்பான வாழ்க்கையில் படைப்பாற்றலைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

தோட்டமும் ரயிலும்

ரப்பர் தோட்டத்தில் பொதுப்பொழுதை அமைத்துக் கொடுத்தது மரமே. விடியற்காலைக் குளிரில் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறையும். ஆகவே இருள் பிரியும் முன்பே காலைப் பெயர்ப்பதிவான பெரட்டுக்குக் கூடிப் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போவது வழக்கமாக இருந்தது. வெட்டு முடிந்து, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்ததும் அன்றைய வேலையின் பெரும்பகுதி ஓய்ந்துவிடும். ஒரு தோட்டத்திலிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் மாலை ஒரே நேரத்தில் வந்தது. லயங்களுக்கு அருகில் கோயில், கோயிலுக்கு முன்னே திடல். மாசி பங்குனியில் அங்கே காமன் கூத்து நடந்தது. திருவிழாக் காலத்தில் நாடகமும் பஜனையும் நடந்தன. ஒத்திகைக்கு ஆள் சேர்க்க யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

அந்த வாழ்க்கையை அழகுபடுத்திக் காட்டுவது நேர்மையாகாது. கூலி குறைவு, வீடு நெருக்கடி, பிள்ளைகளின் படிப்பு பல இடங்களில் தோட்டப் பள்ளியோடு நின்றது. மாலைப்பொழுதில் கள்ளுக்கடையும் தன் பங்கைக் கேட்டது. ஆனாலும் அதிகாலை முதல் உழைத்துக் களைத்த உடல்களிலிருந்து பாட்டும் ஆட்டமும் பிறந்தன என்பது உண்மை. அதற்கான நேரத்தை எவரும் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை என்பதே காரணம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இதே வேலையை ரயில் செய்தது. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரைச் சீரழித்தன. அதன் பிறகு மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரம் திரும்பக் கட்டப்பட்டது. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரைப் பெற்றது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே பணியிடங்களும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தன. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தில் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்து வேலை பார்த்தார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் எழுந்தது. ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயில் நிலைபெற்றது. வேலை முடியும் நேரம் ஊருக்கே தெரியும். வீடு, கோயில், பள்ளி, சபை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. இசை வகுப்போ சொற்பொழிவோ வைத்தால், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம். நடக்கும் தூரம் என்ற இந்தச் சின்ன வசதியின் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது.

கதை வகுப்பு

எழுத்து, கூத்தைப் போன்றதன்று. அதைத் தனியே உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஆகவே எழுத்துக்குப் பொதுப்பொழுது தேவையில்லை என்று தோன்றலாம். மலாயாவில் தமிழ்ச் சிறுகதை வளர்ந்த விதம் வேறொன்றைச் சொல்கிறது.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950ஆம் ஆண்டையொட்டி சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்தினார்கள். பள்ளிக்கூடம் போல அதற்குக் கட்டடம் இல்லை. நாளிதழே வகுப்பறை. கதை எழுதும் முறை பற்றிய பாடம் அச்சில் வரும். படித்தவர்கள் பயிற்சிக் கதையை எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். குறையும் நிறையும் சுட்டப்படும். மலாயாவின் பல மூலைகளிலிருந்து, தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு தலைமுறையே எழுத்துக்கு வந்தது.

அந்த முயற்சியின் நுட்பம் பாடத்தில் மட்டும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்திராத மாணவர்கள் அடுத்த பாடத்துக்குள் அடுத்த கதையை முடித்தாக வேண்டும் என்ற கடப்பாட்டில் கட்டுண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கருகில் தனியாக எழுதினாலும், தன்னைப் போல இன்னும் பலர் இதே வாரத்தில் எழுதுகிறார்கள் என்ற நினைவு கூடவே இருந்தது. படித்துப் பார்த்துத் திருத்தும் ஒருவர் மறுமுனையில் இருந்தார். தொலைவிலிருந்தபடி ஒரு பொதுப்பொழுதை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த நாட்டில் இல்லை. கைப்பேசியில் ஆயிரம் குழுக்கள் இருக்கும் இக்காலத்தில், இவ்வளவு கண்டிப்பும் அன்பும் கொண்ட ஒரு வகுப்பு மறுபடி அமைந்தால் அது பெரும் பேறு.

1952இல் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேச'னில் பொறுப்பேற்று, 1957 வரை இருந்தார். அப்போதே தமிழகத்தில் பெயர் பெற்ற சிறுகதையாசிரியர். நாளிதழ் வேலையின் நெருக்கடிக்கு நடுவில் அவர் 'இலக்கிய வட்டம்' என்ற கூட்டத்தை நடத்தினார். உள்ளூர் எழுத்தாளர்கள் கூடிக் கதைகளைப் படித்து விவாதித்தார்கள். தரம் பற்றி அவர் விட்டுக்கொடுக்காதவர். தன் பக்கத்துக்கு வந்த படைப்புகளைக் கறாராகத் தேர்ந்தார். கதை வகுப்பு எழுதத் தொடங்க வைத்தது, இலக்கிய வட்டம் திருத்தி எழுத வைத்தது. ஒரு சமூகத்தின் படைப்பு வாழ்வுக்கு இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் எழுதுவோர் பெருகுவார்கள், எழுத்து உயராது.

கலைந்த பொழுது

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், பிறகு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்ததும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நடந்தவை. தோட்ட மக்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் முதலிய இடங்களுக்கும் கோலாலம்பூரின் ஓரங்களுக்கும் பெயர்ந்தார்கள். வருமானம் கூடியது, படிப்பு வளர்ந்தது, வீட்டுக்கு வீடு வண்டி வந்தது. இழந்தது அந்த ஒரே நேர மாலையை. தொழிற்சாலை ஷிப்ட் முறையில் இயங்குகிறது. கணவர் இரவு ஷிப்ட் முடித்து வரும்போது மனைவி அலுவலகத்துக்குக் கிளம்புகிறார். பிள்ளை பள்ளியிலிருந்து டியூஷனுக்குப் போகிறது. ஒரே வீட்டுக்குள் நாலு கடிகாரங்கள்.

சட்டப்படி வேலை நேரம் குறைந்தே வந்திருக்கிறது. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 48 மணி என்றிருந்த உச்சவரம்பை 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாக்கியது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வரும் நேரம் இந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு வந்த பிறகும் கைப்பேசியில் தொடரும் அலுவலகச் செய்திகளும் வராது. குறைந்த மணி நேரங்கள் ஓய்வாகச் சேராமல் துணுக்குகளாகச் சிதறிவிட்டன.

பிரிக்பீல்ட்ஸும் மாறியது. 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட பழைய ஊழியர் குடியிருப்பு இடிக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் நெருக்கின. விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்கு 2014இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. குடியிருந்த தமிழர்களில் பலர் வெளியேறினார்கள். இன்று இந்தப் பகுதியின் பலம் வேறு. கே.டி.எம். கொமுட்டர், எல்.ஆர்.டி., மோனோரயில் எல்லாம் வந்து சேரும் இடம் இது. கிள்ளானில் இருப்பவரும் செந்தூலில் இருப்பவரும் வேலை முடிந்து சந்திக்கத் தோதான இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப் போல் சிலவே. நடக்கும் தூரம் போன இடத்தில் ரயில் தூரம் வந்திருக்கிறது. இந்த வாய்ப்பைக் கலை அமைப்புகள் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

ஜாலான் பெர்ஹாலாவில்

பயன்படுத்தியவற்றுள் முதலில் வைக்கத்தக்கது டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் பெர்ஹாலாவில் இயங்குகிறது. கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி, வி. கே. சிவதாஸ், வத்சலா சிவதாஸ் ஆகிய நடனக் கலைஞர்கள் அதன் தொடக்க ஆசான்கள். பின்னர் பினாங்கு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர், பெர்த், கோயம்புத்தூர் ஆகிய இடங்களுக்கும் அது பரவியது. பரதநாட்டியம், கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, மிருதங்கம், தபேலா, வயலின் என்று பல வகுப்புகள். லங்காவித் தீவின் மசூரி கதை, சீனரின் வெண்ணாகக் கதை முதலியவற்றையும் அது நாட்டிய நாடகங்களாக அரங்கேற்றியிருக்கிறது. இந்நாட்டின் மூன்று இனக் கதைகளையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது அதன் அரிய பணி. ஆயினும் இந்த உரைக்கு வேண்டியது அது எப்படி நடக்கிறது என்பதே.

அங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் பிழைப்பன்று. மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர், பொறியாளர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். வகுப்புகளும் ஒத்திகைகளும் பெரும்பாலும் மாலையிலும் வார இறுதியிலும். பெரிய நாட்டிய நாடகம் ஒன்றுக்குப் பல மாத ஒத்திகை வேண்டும். அலுவலகத்தில் களைத்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் ஒத்திகைக்கு வருவதற்கு மன உறுதி மட்டும் காரணமாக இருக்க முடியாது. குழு ஆட்டத்தில் எட்டுப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் நின்றால் அன்றைய ஒத்திகை சீர்கெடும். அவர் வராதது எல்லாருக்கும் தெரியும். தனியாக வீணை பழகுகிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் நடு வயதில் இசைக்கருவி வாங்கியவர்கள் பலருடைய வீட்டில் அது உறையிலேயே இருக்கிறது. தனக்காக எழுந்திராத உடம்பு பிறருக்காக எழுந்துவிடும்.

நிறுவனத்தின் இன்னொரு ஏற்பாடு ஆழமாக நோக்கத்தக்கது. அன்னலட்சுமி என்ற சைவ உணவகத்தை அது நடத்துகிறது. விரும்பிய அளவு உண்டு, மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்ற முறையால் அது புகழ்பெற்றது. பரிமாறுகிறவர்களிலும் சமையலுக்கு உதவுகிறவர்களிலும் தொண்டர்கள் பலர். மேடை உடை தைப்பது, ஒளியமைப்பு, அரங்கப் பொருள் செய்வது, சீட்டு விற்பது எல்லாம் தொண்டாகவே பார்க்கப்படுகின்றன. ஆடத் தெரியாதவருக்கும் அந்தப் பொழுதில் ஓர் இடம் உண்டு. குழந்தையை வகுப்புக்கு அழைத்துவந்து, காரிலேயே உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் தகப்பன், உள்ளே போய் நாற்காலி அடுக்கத் தொடங்கினால், அந்த இரண்டு மணி நேரம் குடும்பத்துக்கே பொதுவாகிவிடுகிறது. காத்திருக்கும் நேரம் பங்கெடுக்கும் நேரமாக மாறுகிறது. படைப்பு என்பது மேடையில் நிற்பவருக்கு மட்டும் உரியது என்ற குறுகலை இந்த ஏற்பாடு உடைக்கிறது.

தேர்வு ஆண்டுகள் வரும்போதுதான் கலை வகுப்புகள் சோதனைக்கு உள்ளாகின்றன. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுத வேண்டும் என்று நான்காம் படிவத்திலேயே நடனத்தையும் வாய்ப்பாட்டையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். பெற்றோரின் கவலை பொருளற்றதன்று. நல்ல தேர்ச்சி இல்லாமல் மேற்படிப்புக் கதவு திறக்காது. ஆனால் முழுமையாக நிறுத்தியவர்களில் திரும்பி வருகிறவர்கள் சிலரே. உடம்பு மறந்துவிடும், தோழிகள் கலைந்திருப்பார்கள், வகுப்பு முன்னே போயிருக்கும். வாரம் ஒரு மணி நேரமாவது விடாமல் வைத்திருப்பது தேர்வைக் கெடுக்காது. நூலை அறுந்துபோகாமல் காக்கும். இந்த யோசனையை நடன ஆசிரியர்கள் பெற்றோரிடம் துணிந்து சொல்ல வேண்டும்.

தனியே எழுதுகிறவர்

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் கணிசமானோர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். மொழிப் பயிற்சி ஒரு காரணம். பள்ளி நண்பகலையொட்டி முடிவதும், பள்ளி விடுமுறைகள் முன்கூட்டியே தெரிவதும் இன்னொரு காரணம். எப்போது நேரம் கிடைக்கும் என்று தெரிந்திருப்பது, எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட எழுதுகிறவருக்கு முக்கியம்.

1930இல் பிறந்த அ. ரெங்கசாமி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். சயாம் மரண ரயில் பற்றிய 'நினைவுச் சின்னம்', மலாயாவின் அவசரகாலச் சூழலைச் சொல்லும் 'லங்காட் நதிக்கரை', இந்திய தேசிய இராணுவத்தைக் களமாகக் கொண்ட 'இமையத் தியாகம்' ஆகிய நாவல்கள் 2005ஐ ஒட்டி, அவருடைய எழுபதுகளில் வெளிவந்தன. பள்ளிப் பணியின் ஆண்டுகளில் அவை எழுதப்படாமல் இருந்ததால் வீணாகிவிடவில்லை. மக்களிடம் கேட்டவையும் நேரில் கண்டவையும் உள்ளே சேர்ந்துகொண்டிருந்தன. ரெ. கார்த்திகேசு வேறு வழியில் போனவர். 1940இல் பிறந்து, வானொலியிலும் பின்னர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் முழுநேரப் பணியாற்றியபடியே, 'வானத்து வேலிகள்', 'தேடியிருக்கும் தருணங்கள்', 'அந்திம காலம்' முதலிய நாவல்களை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு எழுதினார். வேலை ஓயட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இருவர் வழியும் செல்லும் வழியே. சேர்த்து வைத்துப் பின்னாளில் எழுதலாம், நடுவில் எழுதிக்கொண்டே போகலாம். முதல் வழியில் போகிறவர் குறிப்புகளையாவது அவ்வப்போது எழுதி வைக்க வேண்டும். நினைவை மட்டும் நம்புவது ஆபத்து.

இந்தியாவிலும் பெரும்பாலான நல்ல தமிழ் எழுத்து வேலைக்கு நடுவில் பிறந்ததே. தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். நீல. பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவே அவர் கதைகளின் உலகம். பிழைப்பு எழுத்துக்கு இடைஞ்சல் என்று புலம்புவதற்கு முன், பிழைப்பு தந்த மனிதர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மாதவனே போதும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் அஞ்சல் துறை அதிகாரி. தினமும் காலை 5:30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதினார் என்று அவர் மறைவுக்குப் பின் 1883இல் வந்த தன்வரலாறு சொல்கிறது. அவர் எழுதிய நாவல்கள் 47. இந்தக் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவதுண்டு. அதே நூலில் இருக்கும் மற்றொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன்னை எழுப்பிவிடுவதற்காக ஒரு முதிய பணியாளருக்கு அவர் ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார்; அந்தப் பணியாளர் ஒரு நாளும் தவறவில்லை; தன் வெற்றிக்கு அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக டிராலப் எழுதினார். உலகமே ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் மனிதரும் தன் மன உறுதியை மட்டும் நம்பவில்லை.

மனத்தின் இயல்பு

உளவியல் இந்த அனுபவங்களுக்கு விளக்கம் தருகிறது. பீட்டர் கோல்விட்சர் 1999இல் தொகுத்துக் காட்டிய ஆய்வுகளின்படி, 'எழுத வேண்டும்' என்ற விருப்பத்தைவிட, எப்போது, எங்கே, எந்த நிலையில் செய்வது என்று முன்பே முடிவு செய்த திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம். 'வியாழக்கிழமை இரவு பாத்திரம் கழுவியதும், சாப்பாட்டு மேசையில்' என்று தீர்மானித்தவருக்கு அந்த நேரம் வந்ததும் மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. களைத்த மனத்துக்கு யோசனையே பெரிய சுமை. அதை இறக்கி வைப்பதுதான் இத்தகைய முடிவின் பயன். சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு, முடியாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் நினைவு மனத்தில் தங்கிப் புதிய வேலையைக் கெடுப்பதைக் காட்டியது. ஐந்து நிமிடத் துணுக்குகள் பத்து சேர்ந்தாலும் ஐம்பது நிமிடம் ஆகாததற்குக் காரணம் இதுவே.

கிரஹாம் வாலஸ் 1926இல் எழுதிய நூலில் படைப்புச் சிந்தனையை நாலு கட்டங்களாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாப்பு, ஒளி தோன்றல், சரிபார்ப்பு. இரண்டாவது கட்டத்தில் மனம் அந்த விஷயத்தை நேராக நினைப்பதில்லை. உள்ளே அது வேலை செய்துகொண்டிருக்கும். கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் பயணம் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமானது. ஆனால் பயணம் முழுக்கக் கைப்பேசித் திரையைப் பார்த்திருப்பவருக்கு அடைகாக்க இடமில்லை. காலையில் ஒரு பக்கம் எழுதிப் பாதியில் நிறுத்திவிட்டு, ரயிலில் சும்மா சன்னலைப் பார்த்து வருவது சோம்பல் அன்று. அது எழுத்து வேலையின் பகுதி.

விடுவதும் வைத்துக்கொள்வதும்

பொதுப்பொழுதை உருவாக்க ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் வார இறுதி பெரும்பாலும் அழைப்பிதழ்களுக்குச் சொந்தம்: திருமண விருந்து, புதுமனை புகுவிழா, பிறந்தநாள், கோயில் கும்பாபிஷேகம், பதினாறாம் நாள். இவற்றில் சிலவற்றுக்குப் போகாமல் இருக்க முடியாது. போகக் கூடாது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். துக்க வீடு முதலில். ஆனால் எல்லா விருந்துக்கும் முழுக் குடும்பமும் போக வேண்டும் என்ற வழக்கம் தளரத்தக்கது. ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை இந்த வீட்டார் வர மாட்டார்கள், அதற்குப் பிறகு வருவார்கள் என்பதை உறவினர் ஓராண்டில் பழகிக்கொள்வார்கள். முதல் சில மாதங்களில் வரும் மனத்தாங்கலைப் பொறுக்கத்தான் வேண்டும். நோக்கத்தோடு வாழ்வது என்பது நடைமுறையில் இந்தப் பொறுமையே.

பெண்களுக்கு இந்தக் கணக்கு கடினமாகிறது, இதைச் சொல்லாமல் விடுவது அநீதி. மாலை ஏழு மணிக் கூட்டம் என்றால் அது சமையல் நேரம். வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு அப்போதுதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இலக்கியக் கூட்டங்களில் பெண்கள் குறைவாக வருகிறார்கள் என்று குறைப்படும் அமைப்புகள், கூட்ட நேரத்தை அவர்களைக் கேட்டு வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி போட்டாலே வருகை மாறும். வீட்டிலோ, அந்த ஒரு மாலை அடுப்பைக் கணவர் ஏற்காமல் எந்த மனைவியின் நாவலும் முடியாது.

போட்டிகள் பற்றியும் ஒரு சொல். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், டான் ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியத்தின் மூலம் எழுத்தாளர்களை ஊக்குவித்து வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் நடத்தும் 'பேரவைக் கதைகள்' போட்டி பல இளைஞர்களை எழுத வைத்தது. கெடு தேதி என்பதும் ஒரு வகைப் பொதுப்பொழுதே. அதனால் எழுத்து பிறக்கிறது. ஆனால் போட்டிக்கு மட்டுமே எழுதிப் பழகியவர், போட்டி இல்லாத மாதங்களில் பேனாவைத் தொடுவதில்லை. பரிசு முடிவில் ஒரு வரி மதிப்பீடு வரும். கதையில் எது பிசகியது என்று விரிவாகச் சொல்ல ஆள் இருக்காது. அந்தக் குறையை நிரப்புபவை வட்டங்கள். ஆசிரியரான ம. நவீன் முன்னின்று 2007இல் இதழாகத் தொடங்கி, 2009 முதல் இணையத்தில் வரும் 'வல்லினம்' குழுவினர் அனைவரும் வேறு வேலை பார்த்தபடியே இதழ், பட்டறை, ஆண்டு விழா ஆகியவற்றைத் தொடர்ந்து நடத்தியிருக்கிறார்கள். அவர்களின் விமர்சனக் கூர்மை சிலருக்கு உவப்பாக இல்லாமலிருக்கலாம். அழகிரிசாமியின் வட்டத்துக்குப் பின் தரத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் அறாமல் இருக்க அது உதவியிருக்கிறது.

புதிதாக ஒரு வட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்குத் தேவைப்படுவது அதிகம் இல்லை. ஐந்தாறு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் ஒவ்வொருவர் எழுத்தையும் படிக்க நேரம் இராது. மாதம் இருமுறை என்றால் வேலை பார்ப்பவர்களால் தாங்க முடியும். தேதியை ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் கேட்டு முடிவு செய்தால் அது மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். முதல், மூன்றாம் சனிக்கிழமை என்று ஆண்டுக்கே வைத்துவிட வேண்டும். இரண்டே பேர் வந்தாலும் கூட்டத்தை நடத்தும் பிடிவாதக்காரர் ஒருவர் வேண்டும். இடத்துக்குக் கோயில் மண்டபத்தின் பக்க அறை, பள்ளி நேரத்துக்குப் பின் தமிழ்ப்பள்ளி வகுப்பறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை எதுவும் ஆகும். கொமுட்டர் அல்லது எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தால், வண்டி இல்லாத கல்லூரி மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வர முடியும். கடைசி ரயிலுக்கு அரை மணி முன்னதாகக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும்.